சேவைக்கு விடுமுறை உண்டா?

கொல்கத்தாவில் மருத்துவம் பயிலும் மாணவன் ஒருவன். மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையாகப் பதினான்கு நாட்கள் கிடைத்தன. விடுதித் தோழர்கள் மூவருடன் ஹவுராவில் ரயிலேறினான். ஒன்றரை நாள் பயணத்திற்குப் பின் காத்கோதாமில் இறங்கி, மலைப்பாதையில் அல்மோரா போய்ச் சேர்ந்தான். ஊருக்குச் சற்று மேலே, காசார்தேவி மலைமுகட்டின் அருகே, ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார் ஒருவரின் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்குக் கிடைத்தன.

முதல் இரண்டு நாட்களும் நால்வரும் தூங்கினார்கள். அதைத் தூக்கம் என்பதைவிட, நெடுநாள் கடனை அடைத்தல் என்பதே பொருந்தும். மூன்றாம் நாள் மலைச்சரிவில் நடந்தார்கள். காஃபல் என்று மலைமக்கள் அழைக்கும் சிறு சிவப்புப் பழங்களை உப்புத் தொட்டுத் தின்றார்கள். மே மாதமாதலால் பனிச்சிகரங்கள் தெரியவில்லை. பைன் காடுகளில் பற்றிய தீயின் புகையும் வெயிலின் மங்கலும் சேர்ந்து வடதிசையையே திரையிட்டு மறைத்திருந்தன. அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை. சீட்டாட்டம், பாட்டு, ஒருவரையொருவர் கேலி செய்தல் என்று பொழுது போயிற்று.

நான்காம் நாள் மாலை, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அந்த மாணவனின் சிரிப்பு சட்டென்று நின்றது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவன் நோய் வரலாறு எழுதிக்கொண்ட ஒரு முதியவரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. சுந்தரவனப் பகுதியிலிருந்து வந்தவர். இதய நோயால் கால்கள் வீங்கி, மூச்சிரைத்து, நாலு தலையணைகளில் சாய்ந்தபடியே இரவைக் கழிப்பவர். உடன் இருக்க உறவினர் யாரும் இல்லை. மாணவன் முக்கால் மணி நேரம் அவரருகில் அமர்ந்து கேள்விகள் கேட்டான். எழுந்தபோது அவர், "மறுபடி எப்போது வருவீர்கள், டாக்டர்பாபு?" என்று கேட்டார். "நாளை" என்றான் அவன். பிறகு தேர்வு வந்தது, விடுமுறை வந்தது. அந்த நாளை மட்டும் வரவில்லை.

அவர் அங்கே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்க, இங்கே குளிர்ந்த காற்றில் அமர்ந்து சிரிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவன் தோழர்களிடம் கேட்டான். "நீ அங்கே இருந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறாய்? மருந்து எழுதும் அதிகாரம்கூட உனக்கு இல்லையே!" என்றான் ஒருவன். இன்னொருவன், "ஓய்வெடுத்தால்தான் திரும்பிப் போய் நன்றாகப் படிக்க முடியும். நன்றாகப் படித்தால்தான் இப்படிப்பட்ட ஆயிரம் பேரைக் காப்பாற்ற முடியும்" என்றான். மூன்றாமவன் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்கட்டை மூடி வைத்தான்.

இது ஒரு மாணவனின் மனக்குழப்பம் மட்டுமன்று. நோயுற்ற பெற்றோரைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நாள் கோயிலுக்குப் போய்வரும் மகளுக்கும், நிவாரணப் பணியின் நடுவே இரண்டு மணி நேரம் கண்ணயரும் தொண்டனுக்கும் இதே முள் தைத்திருக்கும். துன்பத்திற்கு விடுமுறை இல்லை. அப்படியிருக்க, அதைத் துடைக்க வேண்டியவனுக்கு விடுமுறை எப்படி நியாயமாகும்?

மேலைநாட்டுத் தத்துவத்தில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் பீட்டர் சிங்கர். 1972-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையொன்றில், ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையை உதாரணமாகக் காட்டி, கண்ணெதிரே மூழ்கும் குழந்தைக்கும் தொலைதேசத்தில் பசியால் சாகும் குழந்தைக்கும் நம் கடமையில் வேறுபாடில்லை என்று வாதிட்டார். அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், உலகில் கடைசி நோயாளி குணமாகும்வரை எந்த மருத்துவனும் மலையேறிக் காஃபல் பழம் தின்ன முடியாது. அவருக்கு முன்பே வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் இதற்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தார். வாக்கு மீறாமை போன்ற கடமைகள் கண்டிப்பானவை. பிறருக்கு உதவும் கடமையோ விரிவானது. எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதில் மனிதனுக்கு இடம் விடப்பட்டிருக்கிறது என்பது அவர் கருத்து.

காண்ட் செய்த இந்தப் பாகுபாடு நம் மாணவனுக்கு ஓரளவு உதவுகிறது. அவன் மனத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன: 'நான் ஓய்வெடுக்கிறேன்' என்பது ஒன்று, 'வருவதாகச் சொல்லி வரவில்லை' என்பது மற்றொன்று. முதலாவது குற்றமே அன்று. இரண்டாவது, சிறியதாயினும் மெய்யான குற்றம். மனசாட்சி பெரும்பாலும் இப்படித்தான் கலங்கலாகப் பேசும். செய்த சிறு பிழையைச் சரிசெய்வதைவிட, செய்யாத பெரும் பாவத்திற்காக வருந்துவது மனத்திற்கு எளிதாக இருக்கிறது போலும்!

ஆனால் 'விடுமுறை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ஓய்வு என்பது கடமை கண்ணயர்ந்த நேரத்தில் திருடிக்கொள்ளும் பண்டம் போல் ஆகிவிடும். ஓய்வுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லையா?

இரண்டாம் தோழன் சொன்ன பதில் இன்று எங்கும் கேட்கப்படுவது: வேலைக்காக ஓய்வு. அதில் உண்மை இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆய்வில் பதிலளித்த இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியிருந்தனர், 16.2 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியிருந்தது. பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் வாரத்திற்கு 74 மணிக்கு மேல் போகக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. உச்சவரம்பே 74 மணி என்றால், நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறர் உயிரைக் காக்கப் பயில வந்தவர்களில் இத்தனை பேர் தம் உயிரையே பாரமாக எண்ணும் நிலையில், ஓய்வைச் சோம்பல் என்று இகழ்வது அறியாமை.

இருந்தும், வேலைக்காக மட்டுமே ஓய்வு என்ற கொள்கையில் ஒரு குறை உண்டு. நல்ல மருத்துவனாவதற்காகவே ஒருவன் நண்பர்களுடன் சிரிக்கிறான் என்றால், அந்த நண்பர்கள் அவனுக்கு நண்பர்கள் அல்லர், ஒரு டானிக். மலையும் டானிக்; மாலைக் காற்றும் டானிக். எதையும் எதற்காவது என்று எடைபோடும் மனம் மலைமுகட்டிலும் கடைத்தெருவில்தான் உட்கார்ந்திருக்கும். அரிஸ்டாட்டில் இதை உணர்ந்திருந்தார். களைப்பு நீங்குவதற்கான விளையாட்டு வேறு. மனிதன் தன் உயர்ந்த இயல்பில் நிலைத்திருக்கும் நிறைவான ஓய்வு வேறு என்று பிரித்தார். நாம் உழைப்பதே அந்த இரண்டாவது ஓய்வுக்காகத்தான் என்றார். அந்த ஓய்வைக் குறிக்கும் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் சொல் பிறந்தது. இன்றைய பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்! நம் மொழியிலும் இதற்கு இணையான ஓர் உறவு இருக்கிறது. 'விடு' என்ற வேரிலிருந்தே விடுமுறையும் வந்தது. வீடுபேற்றைக் குறிக்கும் 'வீடு' என்ற சொல்லும் வந்தது.

நம் முன்னோர் மருத்துவ மாணவனுக்கு விடுமுறை தந்தார்களா? தந்தார்கள். சுசுருத சம்ஹிதையின் தொடக்கத்தில், சீடனுக்கு உபநயனம் செய்து ஏற்றுக்கொள்வதைக் கூறும் அத்தியாயத்தின் முடிவில், பாடம் ஓதக் கூடாத நாட்கள் சொல்லப்படுகின்றன. ஸ்ரீரங்கத்தின் அனத்யயன காலத்தை அறிந்த தமிழர்களுக்கு இக்கருத்து புதிதன்று. அஷ்டமி, பட்சத்தின் இறுதி இரு நாட்கள், இரு சந்திப் பொழுதுகள், அகாலத்தில் இடி மின்னல் தோன்றும் வேளை, பெரும் திருவிழா ஆகியவை அப்பட்டியலில் வருகின்றன. அவற்றோடு தன் சுற்றத்தாருக்கோ நாட்டுக்கோ அரசனுக்கோ துன்பம் நேரும் காலத்திலும் ஓதலாகாது என்கிறது நூல்.

இது எண்ணிப் பார்க்கத்தக்கது. திருவிழாவுக்கும் விடுமுறை, பிறர் துயருக்கும் விடுமுறை. இரண்டிலும் ஏடு மூடப்படுகிறது. காரணம், இரண்டு வேளைகளிலும் மனிதன் ஏட்டிலிருந்து தலை நிமிர்ந்து மனிதர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். இந்தப் பொருளில் பார்த்தால், விடுமுறை என்பது மனிதர்களிடமிருந்து விலகும் காலம் அன்று.

சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. 1897-ஆம் ஆண்டு மே மாதம், மருத்துவர்களின் அறிவுரைப்படி அவர் ஓய்வுக்காக வந்தது இதே அல்மோராவுக்குத்தான். குதிரைச் சவாரி செய்தார். உடல் தேறியதை மருத்துவ நண்பர் ஒருவருக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். அதே வாரங்களில் வங்காளத்தின் முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கியிருந்த சுவாமி அகண்டானந்தருக்கு அல்மோராவிலிருந்து ஊக்கமூட்டும் கடிதங்கள் சென்றன. உடல் ஓய்வில் இருந்தது. அன்பு ஓய்வில் இல்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது பலரும் அறிந்தது. டார்ஜிலிங்கில் ஓய்விலிருந்தவர், கொல்கத்தாவில் பிளேக் பரவுகிறது என்று கேட்டு 1898 மே 3-ஆம் நாள் நகருக்குத் திரும்பினார். மக்களின் அச்சத்தைப் போக்க அறிக்கை தயாரித்தார். பணத்திற்கு என்ன செய்வது என்று கேட்டபோது, மடத்திற்காக அப்போதுதான் வாங்கியிருந்த பேலூர் நிலத்தையே விற்றுவிடலாம் என்றார். இந்தப் பகுதியை எல்லாச் சொற்பொழிவாளர்களும் கூறுவார்கள். அதன் தொடர்ச்சியைக் கூறுவோர் குறைவு. பீதி தணிந்து, அவசியம் நீங்கியதும், மே 11-ஆம் நாளே அவர் சீடர்களுடன் நைனிதாலுக்கும் அல்மோராவுக்கும் புறப்பட்டுவிட்டார். அழைப்பு வந்ததும் ஓய்வை விட்டார். அழைப்பு முடிந்ததும் தியாகியாகத் தோற்றமளிப்பதற்காக நகரிலேயே தங்கிவிடவில்லை. முதலாவதைப் போலவே இரண்டாவதும் பற்றின்மைதான். ஒருவேளை இரண்டாவதே கடினமானது. தான் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்ற எண்ணத்தை விடுவது, சுகத்தை விடுவதைவிடச் சிரமம்.

ஸ்ரீராமகிருஷ்ணரும் சிரிப்பையும் வேடிக்கையையும் விலக்கியவர் அல்லர். 1882 நவம்பரில் கொல்கத்தா மைதானத்தில் நடந்த சர்க்கஸுக்குப் பக்தர்களுடன் சென்றார். மிகக் குறைந்த விலையுள்ள எட்டணா டிக்கெட்டில், உயரத்துப் பெஞ்சில் குழந்தைபோல் அமர்ந்து பார்த்தார். ஓடும் குதிரையின் மீது ஒற்றைக் காலில் நின்ற பெண்ணைக் கண்டு வியந்தார். வெளியே வந்ததும், அவள் எத்தனைக் காலம் பயிற்சி செய்திருக்க வேண்டும் என்பதிலிருந்து சாதனையைப் பற்றிய பேச்சு எழுந்தது. பாடம் கற்பதற்காக அவர் சர்க்கஸுக்குப் போகவில்லை. போன இடத்தில் மனம் விழித்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். சுவாமிஜியை வாட்டிய நோய்களில் ஒன்று நீரிழிவு. அவர் மகாசமாதி அடைந்தது 1902-இல். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1921-ஆம் ஆண்டுக் கோடையில், டொரண்டோவின் வெப்பத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த இருபத்திரண்டு வயது சார்லஸ் பெஸ்ட்டும் ஓயாமல் உழைத்து இன்சுலினுக்கு வழி கண்டார்கள். அந்த இளைஞனும் நண்பர்களுடன் ஏரிக்கரைக்குப் போயிருந்தால்? கேள்வி வலிமையானதுதான். ஆனால் அந்தக் கோடையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தை அவர்களுக்குத் தந்த பேராசிரியர் மக்லௌட் அந்தக் கோடையில் விடுமுறைக்காக ஸ்காட்லாந்து சென்றிருந்தார். பெஸ்ட்டும் அவருடைய தோழர் கிளார்க் நோபிளும் கோடையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதென்றே முதலில் ஏற்பாடு; யார் முதலில் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள் என்பார்கள். பிறகு வேலையில் ஈடுபாடு மிகவே, பெஸ்ட்டே தொடர்ந்தார். கட்டாயத்தால் அன்று, வேலையே அவரைப் பிடித்துக்கொண்டதால். சிலருக்குச் சில காலங்களில் வேலையே ஓய்வைவிட இனிக்கும். அந்த அருள் வாய்த்தவரை எவரும் மலைக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. அது வாய்க்காதவன், வாய்த்ததுபோல் நடித்துத் தன்னை வருத்திக்கொள்வதில்தான் ஆபத்து.

கீதை ஆறாம் அத்தியாயத்தில் யோகிக்கு அளவான உணவையும் செயலையும் உறக்கத்தையும் சொல்லும்போது, அளவான விஹாரத்தையும் சேர்த்தே சொல்கிறது. நடப்பதும் உலாவுவதும் பொழுதுபோக்குவதும் அச்சொல்லில் அடங்கும். பதினெட்டாம் அத்தியாயத்தில் இன்பத்தை மூன்றாக வகுக்கிறது. தூக்கத்திலும் சோம்பலிலும் கவனமின்மையிலும் பிறந்து, தொடக்கத்திலும் முடிவிலும் மதியை மயக்குவது தாமஸ இன்பம். நண்பர்களுடன் கழிக்கும் அதே பத்து நாட்கள் ஒருவனுக்குத் தாமஸமாகவும், மற்றொருவனுக்கு ஸாத்விகமாகவும் அமையலாம். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. சீட்டாடினானா, ஜபம் செய்தானா என்பதை வைத்தும் சொல்ல முடியாது. ஜபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை மறக்க விரும்புபவர்களும் உண்டு.

ஓர் அடையாளம் மட்டும் கூறலாம். மயக்கும் ஓய்வில் பிறர் முகங்கள் மங்கும். தெளிவிக்கும் ஓய்வில் அவை துலங்கும். நம் மாணவன் அந்த முதியவரை எப்போது மறந்தான்? மலையில் அன்று. தேர்வுப் பரபரப்பில், அவர் படுத்திருந்த வார்டிலிருந்து சில நூறு அடி தூரத்திலேயே, இரவும் பகலும் இதய நோய்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அவரை முற்றிலும் மறந்திருந்தான். படித்த நோய் நினைவிலிருந்தது; நோயாளி இல்லை. எப்போது நினைவு வந்தது? மூன்று நாள் தூங்கி, நடந்து, சிரித்து, மனம் இளகிய பிறகு. அவனைத் தைத்த அந்த முள், ஓய்வு தவறு என்பதற்கு அடையாளம் அன்று. ஓய்வு பலனளிக்கத் தொடங்கியதற்கு அடையாளம்.

ஐந்தாம் நாள் இரவு மலையில் மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்த ஹவில்தார், தூங்கிக்கொண்டிருந்த நால்வரையும் மகனே, மகனே என்று கூவி எழுப்பினார். புகை முழுவதும் கழுவப்பட்டு, திரிசூலும் நந்தாதேவியும் வெயிலில் நின்றன. தேநீர்க் குவளைகளுடன் அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு மாணவன், விடுமுறைக்கு ஊர் செல்லாமல் விடுதியிலேயே தங்கியிருந்த வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் போன் செய்தான். வார்டு எண்ணையும் கட்டில் எண்ணையும் சொன்னான். "வைத்தியம் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார். நான் நாளை வருவதாகச் சொல்லி வராமல் போய்விட்டேன் என்று சொல். திரும்பியதும் நானே வருவேன் என்று சொல்" என்றான்.

மறுநாள் மாலை பதில் வந்தது. முதியவர் வேறு கட்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தாராம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாம். கால் வீக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது. மூச்சிரைப்பு அப்படியேதான் இருக்கிறது. "நீ வராததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே போயிருக்கிறாய் என்று கேட்டார். இமயமலைக்கு என்றேன். பதறிப் போய்விட்டார்" என்றான் தோழன்.

"ஏன்?"

"மலையில் பனி கடுமையாக இருக்குமாம். மாலையில் வெளியே உட்காரக் கூடாதாம். தலையிலும் காதிலும் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல் என்று மூன்று முறை சொன்னார். சொல்லிவிட்டேன் என்று நாளைக்கு வந்து தெரிவிக்க வேண்டுமாம்."

அன்று மாலை காசார்தேவி முகட்டில் காற்று இதமாகத்தான் வீசியது. மற்ற மூவரும் அரைக்கைச் சட்டையுடன் அமர்ந்திருந்தார்கள். அவன் மட்டும் ஹவில்தாரிடம் கம்பளித் துண்டு ஒன்றை இரவல் வாங்கி, தலையையும் காதையும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் கோலத்தைப் பார்த்துத் தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.